பெற்றவள் போடாத கையெழுத்து

நான் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் வாயில் பி.டி. மிஸ். திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. மைதானம் என்று ஒன்று எங்களுக்கு உண்டு. பக்கத்துப் பள்ளிகளுக்கு அதுகூடக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று யாராவது கேட்டால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

எல்லாம் டிவியில் வந்த ஒரு செய்தியில் ஆரம்பித்தது. எங்கேயோ ஒரு பள்ளியில் ஒரு பையன் விளையாடும்போது விழுந்து பலமாக அடிபட்டுவிட்டான். பெற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பள்ளியின் கேட்டையும், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு காரில் ஏறிய அதன் தாளாளரையும் மாறி மாறி நாளெல்லாம் காட்டினார்கள். எங்கள் தாளாளர் அதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பையன் பிழைத்தானா என்று அவர் விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தத் தாளாளர் பட்ட பாட்டை மட்டும் ஆசிரியர் கூட்டத்தில் விலாவாரியாகச் சொன்னார்.

அடுத்த சில நாட்களில் ஒரு வக்கீல் வந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். ஷூவில் மண் ஒட்டாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். நீளம் தாண்டுகிற மணல் குழியைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"லாங் ஜம்ப் சார். ஓடி வந்து இதில் குதிப்பார்கள்."

"குதிப்பார்களா?" என்று அவர் கேட்ட விதத்தில், ஏதோ நான் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுகிறேன் என்று ஒப்புக்கொண்டதைப் போல எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. குழியைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். இப்போது அதன்மேல் பூந்தொட்டிகள் இருக்கின்றன.

அந்த வருஷ விளையாட்டு விழா கண்கொள்ளாக் காட்சி. சாக்கு ஓட்டம் கிடையாது, விழுவார்களாம். கயிறு இழுக்கும் போட்டி கிடையாது, உள்ளங்கை உரியுமாம். எலுமிச்சைப் பழத்தை ஸ்பூனில் வைத்து நடக்கிற போட்டிக்குக்கூட, வாயில் ஸ்பூனோடு தடுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று கேள்வி வந்தது. மிஞ்சியது அணிவகுப்பும் தாய்மார்களுக்கான கோலப் போட்டியும்தான். கோலம் போட்டுப் பரிசு வாங்கிய ஒரு அம்மா, "இன்னா டீச்சர், பசங்க ஓடலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சான்றிதழைக் கொடுத்தேன்.

முதலுதவிப் பெட்டிக்கும் பூட்டு விழுந்தது. நாம் மருந்து போட்டு அது ஒத்துக்கொள்ளாமல் போனால் நம்மேல் கேஸ் வருமாம். ஒருநாள் வெயிலில் நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. வகுப்பாசிரியை தள்ளி நின்று அவள் அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாரே தவிர, கிட்டே போகவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் என் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்து, நிழலுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது.

கபடியை மட்டும் ஒழிக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. எங்கள் பெண்கள் வாங்கிய கோப்பைகள் அலுவலக அலமாரியில் இருந்தன. அட்மிஷன் சமயத்தில் அவற்றைத் துடைத்து முன்னால் வைப்பார்கள். கோப்பை வேண்டும், காயம் மட்டும் வேண்டாம். அதற்காக வக்கீல் ஒரு ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்தார். விளையாட்டின்போதோ பயணத்தின்போதோ என் மகளுக்குக் காயம், ஊனம், உயிரிழப்பு எது நேர்ந்தாலும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல, நான் எந்த வழக்கும் தொடர மாட்டேன் என்று பெற்றவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே மகளின் பெயர், கீழே பெற்றவரின் கையெழுத்து.

இவர்கள் யாரைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவள். என் அப்பா சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு இறக்கியவர். ஒருநாள் கம்பிக்கட்டு சரிந்து வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஆர்லிக்ஸ் பாட்டில் ஒன்று வாங்கி வைத்தார், போய்விட்டார். கேஸ் போடலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மறுபடி வேலைக்கு வரலாமா என்று கேட்கத்தான் அப்பா அவரிடம் போனார். எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் எல்லாரும் அப்பாவைப் போன்றவர்கள்தான். கோர்ட்டு வாசலை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். இவர்கள் வழக்குப் போட்டுவிடுவார்களாம். அதற்கு முன்ஜாக்கிரதையாம்.

படிவத்தை எல்லார் வீட்டிலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ரேஷன் கடையிலும் மகளிர் குழுக் கடனிலும் காட்டிய இடத்தில் போட்டுப் பழகியவர்கள். வராத படிவம் ஒன்றே ஒன்று. அது என் அணியின் உயிர்நாடியான பெண்ணுடையது.

அவள் ப்ளஸ் டூ படித்தாள். கடலோரத்துக் குப்பத்துப் பெண். அணியில் அங்கிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். நெட்டையாக இருப்பாள், நடந்தால் சோம்பேறி மாதிரி தெரியும். கபடி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டால் வேறு ஆள். இடதுபக்கமாகப் போய், பிடிக்க வருகிறவர்களை மூலைக்கு இழுத்து, அவர்கள் கை கோப்பதற்குள் குனிந்து வெளியே வந்துவிடுவாள். அப்படி ஒரு ஆட்டத்தை நான் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. நான் ஆடிய காலத்தில் எனக்கே அது வரவில்லை.

மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டத்தைப் பார்த்து அங்கேயே மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். மாநில அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும், ஹாஸ்டலும் சாப்பாடும் சேர்த்து. அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். அதை விட்டால் வயசு தாண்டிவிடும். படிப்பில் அவள் சுமார். வேறு எந்தக் கதவும் அவளுக்குத் திறக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அம்மா போட மாட்டேங்குது மிஸ்," என்றாள். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்த்தாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் அம்மா பயந்த ஆளே இல்லை. முந்தின வருஷம் ஆட்டத்தில் மகளுக்கு மணிக்கட்டு விலகியபோது கூடையை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டைப் பார்த்து, "கை தானே, கூடிப்பூடும்," என்றவர். சாலையோரத்தில் மீன் விற்பவர். அவர் வாய்க்கு அந்தத் தெருவே அஞ்சும்.

ஒரு மத்தியானம் குப்பத்துக்குப் போனேன். அலை அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டி வைத்த கரைக்குப் பின்னால் அவர்கள் வீடு. என்னைப் பார்த்ததும் கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"இன்னா டீச்சர், இம்மாந்தூரம் வந்துகீறே? குந்து."

"அக்கா, பொண்ணு ஃபார்ம் இன்னும் வரல."

"வராது. நான் போட மாட்டேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"அவ படிச்சா. பாதியிலயே நிறுத்துடின்னுட்டேன்." அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எம்புருசன் மீன்புடிக்க போட்டுல ஏறச்சொல்லோ எப்போ வருவேன்னு நான் ஒருநாளு கேட்டதில்ல. எம்மாமியா கேட்டதில்ல, எங்கம்மா கேட்டதில்ல. அது வாய்ல வரக்கூடாது, வந்தா ஆவாது. நீ இன்னாடான்னா எம்பொண்ணு பேரை எழுதிகினு, அதுக்குக் கீழ உசுரு போச்சுன்னான்னு எழுதிகினு, அதுக்கும் கீழ என்னையே கையெழுத்து போடச் சொல்றே. பெத்தவ கையால போடணுமா டீச்சர் அத்த?"

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புத்தர் படம்தான் மாட்டியிருக்கும். ராகுகாலம், சகுனம் என்று யாராவது பேசினால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அப்படி வளர்ந்த எனக்கு, ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு சகுனத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பது தாங்கவில்லை.

"வெறும் பேப்பர்க்கா அது. எழுதினா நடந்துடுமா?"

"வெறும் பேப்பர்னா எதுக்கு என்கிட்ட கேக்குறே? உங்க சார்வாளையே வெச்சுக்கச் சொல்லு."

அவர் விடவில்லை.

"அது போவட்டும். இட்டுகினு போறவரு, எனக்குப் பொறுப்பில்லன்னு முன்னாடியே எழுதி வாங்கிகினு இட்டுகினு போறாரே, இது இன்னா நாயம்? எங்காண்ட ஒரு போட்டுக்காரன் அப்டி சொல்லட்டும், அவன் போட்டுல எவன் ஏறுவான்? ஏத்திகினு போனவன்தான் எறக்கி வுடணும். எறக்கி வுட முடியலன்னா அந்த வூட்டு வாசல்ல வந்து நிக்கணும். ஓடி ஒளியக் கூடாது."

கலர் வந்தது. குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வாயால சொல்லு டீச்சர். இட்டுகினு போய் பத்திரமா திரும்ப இட்டாறேன்னு சொல்லு. எனக்கு அது போதும்."

"இட்டுகினு போய் இட்டாறேன்க்கா," என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்துவிட்டது. வெயில் தாழ்ந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பள்ளியைப் பொறுத்தவரை முடியவில்லை. தலைமையாசிரியையிடம் போய், உயிரிழப்பு என்கிற ஒரே ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் அந்த அம்மா ஒருவேளை கையெழுத்துப் போடுவார் என்று சொன்னேன். தலைமையாசிரியை நல்ல மனுஷி. ஆனால் ஓய்வு பெறப்போகிற நேரத்தில் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். வக்கீலுக்கே போன் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது.

"மேடம், மத்ததெல்லாம் சும்மா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் படிவமே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குப்பத்து அம்மா பாதியில் நிறுத்தச் சொன்ன இடமும், வக்கீல் விட்டுக்கொடுக்க முடியாத இடமும் ஒரே இடம். இருவரும் அந்த வார்த்தையை அதன் முழு அர்த்தத்தோடு படித்திருக்கிறார்கள். நடுவில் இருந்த நாங்கள்தான் அதை வெறும் பேப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

தாளாளருக்கு இந்த நம்பிக்கைக் கதையெல்லாம் ஏறவில்லை. "நீங்க வெகுளி டீச்சர்," என்றார். "கடல்ல எண்ணெய் படிஞ்சப்போ நஷ்டஈடு கேட்டு ரோட்டுல உட்கார்ந்த ஜனங்க இவங்க. கேஸ் போடறது எப்படின்னு இவங்களுக்குச் சொல்லித் தரணுமா? எல்லாரும் போட்டாச்சு, இந்தம்மா மட்டும் போடலன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு ஏதாவது ஆனா பிடிச்சு உலுக்கலாம்னு வழியைத் திறந்து வெச்சிருக்காங்க."

மகள் சாகக்கூடும் என்று எழுதக் கை வராத ஒரு தாயை, மகள் சாவை வைத்துக் காசு பார்க்கத் திட்டம் போடுகிறவள் என்று ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்கிறார். அந்த இடத்திலேயே வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். வீட்டுக் கடன் இருந்தது, வரவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவதாக ஏற்பாடானது. வியாபாரத்திலிருந்து நேராக வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தாளாளர் குரலை இனிப்பாக்கிக்கொண்டார்.

"இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆவாதுன்னா எதுக்கு சார் எழுதி வெச்சுகீறீங்கோ?"

"ஒருவேளை ஆச்சுன்னா..."

"ஆச்சுன்னா?"

"ஸ்கூல் பொறுப்பில்ல. அவ்வளவுதான்."

"அப்போ யாரு சார் பொறுப்பு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லையா என்கிற பார்வை. அந்த அம்மா நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இவருக்கு அது வக்கீல் நோட்டீசாகக் கேட்டது.

"நான் வோணா வேன்ல கூட வரேன் சார். எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நானே பாத்துக்கறேன்," என்றார் அம்மா.

"வெளியாளை ஸ்கூல் வேன்ல ஏத்த முடியாதும்மா. அதுக்கு வேற படிவம் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அம்மா சற்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"சரி வுடுங்கோ. எம்பொண்ண நானே பஸ்ஸுல இட்டுகினு வரேன். இட்டுகினு வர்றது நானு. அப்பால உங்களுக்கு இன்னா?"

தாளாளருக்கும் முகம் தெளிந்தது. வேனில் ஏறாத பிள்ளைக்கு வேன்காரர் என்ன பதில் சொல்ல வேண்டும்? அவளுடைய தகுதிச் சீட்டில் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து என்னிடம் கொடுத்தார். மற்றதைப் போட்டி நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தன் கையில் இருக்கிற நெருப்பை அடுத்தவன் கைக்கு மாற்றிவிட்டால் அணைத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

போட்டி ஊருக்கு நடுவில் இருக்கிற ஒரு மைதானத்தில் நடந்தது. மற்றப் பெண்களை வேனில் கூட்டிப்போனேன். அவள் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள், அம்மாவோடு. பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்கள். அம்மா அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தார். தூக்கில் மோர் கொண்டுவந்திருந்தார், எல்லாப் பெண்களுக்கும். என்னைக் கண்டதும், "பாத்தியா டீச்சர், இட்டாந்துட்டேன்," என்று பெருமையாகச் சிரித்தார்.

சீட்டுகளை வாங்கிச் சரிபார்த்தவர் பழைய ஆட்டக்காரர். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் அவளுடையதில் நிறுத்தினார். "பேரண்ட்ஸ் ஃபார்ம் இல்லையே டீச்சர்?"

அவர்களிடமும் ஒரு படிவம் இருந்தது. அச்சு வேறு. வார்த்தை அதே வார்த்தை.

"அம்மாவே வந்திருக்காங்க சார். இதோ நிக்கறாங்க."

"நல்லதாப் போச்சு. போட்டுக் குடுக்கச் சொல்லுங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு ஆட்டத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் டீச்சர். செலக்ஷன் பண்ண வந்தவங்களும் கேட்டாங்க. ஆனா இது இல்லாம களத்துல கால் வைக்க விட்டா எனக்கு வேலை போயிடும். கொஞ்சம் பேசுங்க. நான் ஆட்டத்தை லேட் பண்றேன்."

படிவத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவருக்குப் புரியவே இல்லை. "இட்டுகினு வந்தவளே நாந்தானே டீச்சர். அப்பால எதுக்குப் பேப்பரு? எம்பொண்ணுக்கு நான் பொறுப்பில்லன்னு நானே எழுதணுமா?"

"அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். இன்னிக்கு ஒருநாள். செலக்ஷன் ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. இத்த விட்டா அவளுக்கு எதுவும் இல்ல."

எதிரணி ஆடுகள விரிப்பில் இறங்கி உடம்பை முறுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் பெண்கள் வரிசையாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். ஜெர்சி போட்டு, முழங்காலில் உறை மாட்டி, தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். அம்மா மகளை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"குடு."

பேனாவைக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மைதானத்துச் சுவரில் காகிதத்தை வைத்துக்கொண்டார். மகளிர் குழுவில் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட கையெழுத்து. கூடை தூக்கித் தூக்கித் தழும்பேறிய கை. உதடு எதையோ முணுமுணுத்தது. பேனா முனை காகிதத்தில் பட்டுப் புள்ளியாக நின்றது.

"வேணாம்மா."

அவள் ஓடி வந்திருந்தாள்.

"நீ போ, ஆடு. நான் போடறேன்," என்றார் அம்மா.

"வேணாம்மா. நைனா கடல்ல கீறாரு."

அவள் அப்பா விசைப்படகில் போயிருந்தார். கரைக்கு வர நாளாகும். எனக்கு அது தெரியாது. ஆள் கடலில் இருக்கும்போது வீட்டில் சாவு என்கிற வார்த்தையை வாயால் சொல்லவே மாட்டார்கள், அதற்குக் கீழே கையெழுத்தா போடுவார்கள்? அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"நீ ஆடணும்டி," என்றார். குரல் உடைந்துவிட்டது. தெருவையே ஆட்டி வைக்கிற குரல் அது.

"ஆடாட்டி இன்னா? வா, குந்தலாம்." அவள் அம்மாவின் விரல்களிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, என்னிடம் கொடுத்தாள். பிறகு குனிந்து முழங்கால் உறைகளைக் கழற்றினாள். அவளுக்குப் பதிலாக இறங்க வேண்டிய பெண்ணைக் கூப்பிட்டு மாட்டிவிட்டாள். அந்தப் பெண் அழுதாள். இவள் அழவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அவளும் அம்மாவும் கயிற்றுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பதிலுக்கு இறங்கியவள் பாடிப் போன ஒவ்வொரு தடவையும் பிடிபட்டாள். "லெப்ட்ல வாடி! குனி! குனிடி!" என்று இவள் வெளியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். கத்தக் கூடாது என்று ஒருவர் வந்து சொன்னார். தள்ளிப் போய் நின்று கத்தினாள். தேர்வு செய்ய வந்தவர்கள் எதிரணியிலிருந்து இரண்டு பேருடைய பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அவள் இப்போது இறால் உரிக்கிற ஒரு ஷெட்டுக்குப் போகிறாள். ஐஸில் கை வைத்து வைத்து விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கிறது. வழியில் பார்த்தால் சிரிப்பாள், அணி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நல்ல அணி இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

அன்றைக்குப் போட்டி முடிந்து திரும்பும்போது வேன் மைதானத்தைத் தாண்டி வளைந்த இடத்தில் அவர்கள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா கையில் காலித் தூக்கு. "மிஸ், அக்கா நிக்குது, ஏத்திக்கலாம் மிஸ்," என்று பெண்கள் எல்லாரும் கத்தினார்கள். வேனில் இடம் இருந்தது. டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.

"பேப்பர் இல்லாதவங்கள ஏத்தினா என் சீட்டு கியிஞ்சிடும் மிஸ். சாரு காலைல கூப்ட்டே சொல்லிகீறாரு. பேஜாரு பண்ணாதீங்கோ."

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இறங்கி அவர்களோடு பஸ்ஸில் வரலாம் என்றால், வேனில் இருக்கிற பிள்ளைகளை விட்டுவிட்டு இறங்க முடியாது. அவர்களுக்கு எல்லாருக்கும் படிவம் இருந்தது. அவள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வேன் நிற்காமல் போயிற்று.

பாலத்தில் ஏறும்போது தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், எல்லாரும் கிளம்பியாச்சா? யாருக்கும் எதுவும் ஆகலையே?"

யார் ஜெயித்தது என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"ஒரு பொண்ணுக்கு அடிபட்டிருக்கு மேடம்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயையோ! யாருக்கு? எந்தப் பொண்ணு?" அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது. எங்கே அடி, எப்படி அடி, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று அடுத்து வரும் என்று காத்திருந்தேன்.

"படிவம் இருக்கு இல்ல டீச்சர்? அந்தப் பொண்ணுக்குப் படிவம் வாங்கிட்டோம் இல்ல?"

"இல்ல மேடம்," என்றேன். "அவளுக்கு மட்டும்தான் இல்ல."